ஒன்பது வண்டிகளைச் சூடேற்றியவர்

வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நிலையம் ஒன்று. அதன் ஒன்பது வண்டிகளின் சாவிகளும் பத்தொன்பது குளிர்காலங்களாக ஒரே பெண்மணியின் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வெளியில் எடுத்துப் புழங்குவார் யாருமில்லை. நிலையத்தின் தலைமை மருத்துவர் முதல் தெருமுனைக் கடைக்காரர் வரை அனைவருக்கும் அவர் சாவியம்மாதான். கட்டிய கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பார்.

நிலையத்தின் பின்புறம் தகரக் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை ஒன்று இருந்தது. விடியற்காலை நாலரை மணிக்குச் சாவியம்மா அங்கே நுழையும்போது, கூரையின் விளிம்பில் பனி விரல் நீளத்துக்கு உறைந்து தொங்கும். முதல் வேலையாக இரண்டு பெரிய கதவுகளையும் முழுக்கத் திறந்து, காற்றுக்கு ஆடாதபடி கல்லை அண்டக்கொடுப்பார். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டால் புகையே ஆளை முடித்துவிடும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட முதல் சட்டம். பிறகு ஒவ்வொரு வண்டியாகப் போய்ப் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியைத் துடைப்பார். எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பார். கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால், வெடுக்கென்று இழுத்துக் கிழிக்காமல், குழந்தையை முதுகில் தட்டுவதுபோல் உள்ளங்கையால் தட்டித் தட்டியே விடுவிப்பார்.

ஐந்தேகாலுக்கு முதல் சாவி. அதிலிருந்து ஒவ்வொரு வண்டியும் நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட வேண்டும். பத்தொன்பது நிமிடத்தில் அணைப்பது அவருடைய அகராதியில் இல்லை. இன்ஜின்கள் உறுமிக்கொண்டிருக்கும்போதே மரத்தகட்டால் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிடுவார். வெந்நீர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. புதிதாக வந்த செவிலியர் ஒருத்தி, உதவுவதாக நினைத்து ஒரு கெண்டி வெந்நீரைக் கண்ணாடியில் ஊற்றியபோது, அது இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஆற்று வரைபடம்போல் விரிசல் விட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆறு மணிக்குச் செவிலியர் ஒன்பது பேரும் வருவார்கள். ஏறி உட்கார்ந்ததும் காலடியில் வெதுவெதுப்பான காற்று படும். சாப்பிடும் முன்பே ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய சர்க்கரை நோயாளிகள் முதல் வீடுகளில் காத்திருப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளில், வண்டி கிளம்பாத காரணத்தால் எந்த முதல் வீட்டுக்கும் ஊசி தாமதமானதில்லை. இதைச் சாவியம்மா தாமாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது கேட்டால் மட்டும், மூக்குக்கண்ணாடியைச் சற்றே மேலே தள்ளிக்கொண்டு, "ஒரு நாள்கூட இல்ல" என்பார். அந்த மூன்று சொல்லில் ஓர் அரசியின் தோரணை இருக்கும்.

சாவிகள் அவருடைய இடுப்புக்கு வந்த கதையும் சாதாரணமானதன்று. அவர் முதலில் அந்தக் கொட்டகையைப் பெருக்கும் வேலைக்குத்தான் வந்தார். வந்த இரண்டாம் மாதம், மழைநீர்த் தொட்டியே கல்லாக உறைந்த ஒரு காலையில், வண்டிகளைக் கவனிக்கும் மெக்கானிக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். ஒன்பது செவிலியரும் பையும் கையுமாகக் கொட்டகை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார் அவர். அந்தக் காலத்தில் ஒன்பதும் பழைய வண்டிகள். குளிரில் இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக் என்னும் குமிழை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. பெருக்கிக்கொண்டே அவர் அத்தனையையும் கவனித்து வைத்திருந்தார். ஏழு வண்டிகள் உயிர் பெற்றன. காய்ச்சல் தெளிந்து வந்த மெக்கானிக், சாவிக்கொத்தை அவரிடமே கொடுத்து, "எதுவா இருந்தாலும் இருபது நிமிஷம் ஓட விடும்மா. அதுல மட்டும் குறை வெக்காத" என்று சொன்னார். சாவியம்மா ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

முப்பத்தெட்டாம் வயதில் ஓட்டுநர் உரிமமும் வாங்கினார். முதல் தேர்விலேயே தேறினார். ஆனால் கொட்டகைப் பொறுப்பாளர் வண்டியை வாசலைத் தாண்டி ஓட்டக் கூடாது என்பது நிலையத்தின் விதி. எனவே அந்த உரிமம் வீட்டு அலமாரியில், திருமணப் பத்திரிகைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வண்டிகளையும் நாள்தோறும் எழுப்பியவர், ஒன்றில்கூடத் தெருவைப் பார்த்ததில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் புதிய மேலாளர் வந்தார். நாற்பதை நெருங்கிய பெண்மணி, குரலை உயர்த்தாதவர், ஒரு பொருளைப் பார்த்தால் "இது எதுக்கு?" என்று கேட்காமல் விடாதவர். மூன்றாம் வாரம் அவருடைய கண் கொட்டகைமீது விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. இன்றைய வண்டிகளுக்கு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுதல் தேவையற்றது; ஆகையால் அடுத்த மாத முதல் தேதியிலிருந்து விடியற்காலைப் பணி நிறுத்தப்படும்; சாவிகள் அலுவலகப் பலகையில் மாட்டப்படும்; கொட்டகைப் பொறுப்பாளர் ஒன்பது மணிப் பணியாளராகத் துணிக் கிடங்கிற்கு மாற்றப்படுவார்.

துணிக் கிடங்கு என்பது பழைய போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் மடித்து அடுக்கும் இருட்டறை. சாவியம்மா தாளை இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது. ஆனால் கண்ணில் நீர் வரவில்லை, வந்தது பிடிவாதம். நேராக மேலாளரின் அறைக்குள் போய், உட்காரச் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், நின்றபடியே பேசினார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றது காகிதத்துல சரியா இருக்கலாம். நான் பத்தொன்பது வருஷமா கையில தொட்டுப் பாத்தவ. எனக்குப் பத்து நாள் குடுங்க. அளந்து காட்டறேன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "எதை அளப்பீங்க?"

"நின்னு சூடாகிற வண்டியில எத்தனை நிமிஷத்துல சூட்டுக்காத்து வருது, சூடேத்தாம ஓட்டுற வண்டியில எத்தனை நிமிஷத்துல வருதுன்னு. அதே வண்டி, அதே குளிர். அதுக்கு நான் வண்டிய வெளிய எடுத்துட்டுப் போகணும். விதியில இடமில்ல, நீங்கதான் தரணும்."

மேலாளர் ஒரு தாளில், பத்து நாள்களுக்கு, ரவுண்டானா வரை, என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அளந்த கணக்கு எப்படி வந்தாலும் அதன்படியே முடிவு செய்வதாகவும் சொன்னார். சாவிகள் இடுப்பில் இருக்குமா, பலகைக்குப் போகுமா என்பது அந்தப் பத்து நாள்களில் அடங்கியது.

அன்று மாலை, அலமாரியைக் கலைத்து உரிமத்தைத் தேடிய மனைவியைக் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட உணவகம் ஒன்றில் சமையற்காரர். நாள்முழுதும் முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்பதால், வீட்டில் வாய்ச்சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

"வண்டி ஓட்டி எத்தனை வருஷமாச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"கொட்டகைக்குள்ள முன்னும் பின்னும் தினமும்தான் நகத்தறேன்."

"முன்னும் பின்னும் நகத்தறதுக்கு நம்ம வீட்டு அலமாரியே போதுமே. ரோட்டுல ஓட்டறது வேற."

"நீங்க தூங்குங்க" என்றார் சாவியம்மா. அவரும் மறுபேச்சின்றித் தூங்கிப்போனார்.

மறுநாளே வேலை தொடங்கியது. தடுப்பூசி மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றைப் பெரிய நர்ஸிடம் இரவல் வாங்கினார். இந்தப் பெரிய நர்ஸ் என்பவர் நிலையத்தில் மூத்த செவிலியர். சாவியம்மா முதன்முதலில் வண்டிகளைக் கிளப்பிய அன்று கொட்டகை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுள் ஒருவர். வெப்பமானியைச் சூட்டுக்காற்று வரும் துளைக்கு முன்னால் நூலால் கட்டி, முள் முப்பது டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதுதான் முறை. நீளமான கோட்டு நோட்டு ஒன்றில் வண்டி, வெளிக்குளிர், நின்ற நிமிடம், ஓடிய நிமிடம் என்று நான்கு பத்திகள் வரைந்தார். மூன்றாம் எண் வண்டி ஒரு நாள் நின்றபடி சூடானால், மறுநாள் ஒரே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் தெருவுக்குப் போக வேண்டும். நாளுக்கு இரண்டு வண்டிகள் ஓட்டம். மற்றவை வழக்கம்போல நின்ற இடத்திலேயே சூடாகும். ஒரு வண்டிக்கும் ஓரவஞ்சனை காட்டக் கூடாது என்பதற்காக, எது எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஐந்தேகால் மணிக்கு வெள்ளைச் சிறு கார் ஒன்றை வாசலுக்குக் கொண்டுவந்தபோது, வாசற்காவலர் தம் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். வெளியே செல்லும் ஒவ்வொரு வண்டியையும் நேரத்தையும் ஓட்டுபவரையும் பதிவு செய்வது அவர் வேலை. மேலாளரின் தாளை விளக்கடியில் பிடித்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"யாரும்மா ஓட்டறது?"

"கண்ணுக்குத் தெரியலையா? நான்தான்."

"தெரியுது. ஆனா எழுதணும்ல. பத்தொன்பது வருஷத்துல எழுதாத பேரு, அதான் கை தயங்குது" என்று சொல்லிக்கொண்டே 'சாவியம்மா' என்று அழுத்தமாக எழுதிவிட்டுத் தடுப்புக் கட்டையை உயர்த்தினார்.

அந்தக் கட்டையைத் தாண்டியபோது சாவியம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்ஜினை மிஞ்சியது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. இருபுறமும் ஒதுக்கப்பட்ட பனி, விளக்கொளியில் உப்புக்குவியல்போல் மின்னியது. ஆக்சிலரேட்டரை முட்டையின்மீது கால் வைப்பதுபோல் மிதித்து, அவசரமே படாமல் ரவுண்டானாவை ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனை ஆண்டு தாம் எழுப்பி அனுப்பியவை போன வழி இதுதானா என்று பார்த்தபடியே வந்ததில், வெப்பமானியைப் பார்க்கவே மறந்துபோனார். நினைவு வந்து குனிந்து பார்த்தபோது முள் முப்பதைத் தாண்டிப் போயிருந்தது. கிளம்பி ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை.

நின்றபடி சூடான அதே வகைக் காருக்கு அன்று இருபத்தொரு நிமிடம் ஆகியிருந்தது.

வெப்பமானியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். மறுநாள் வேறொன்றை வாங்கி இரண்டையும் அருகருகே கட்டினார். இரண்டும் ஒரே பாட்டைப் பாடின. முதல் நாள் ஓடிய வண்டியை நிற்கவிட்டார், நின்றதை ஓட்டினார். ஓடியது எட்டு நிமிடம், நின்றது இருபத்திரண்டு. மூன்றாம் நாள் குளிர் இன்னும் கடுமை. கணக்கு அசையவில்லை. இன்ஜினின் ஒலியையும் கவனித்தார். நின்று ஓடிய காரில் முதல் பத்து நிமிடமும் தொண்டை கட்டிய கரகரப்பு இருந்தது. மெதுவாக ஓட்டிய காரிலோ தெருக்கோடிக்குள் குரல் தெளிந்துவிட்டது. நான்காம் நாள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டகையின் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் சொன்னது சரி. பழைய ஒன்பதுக்கு மெக்கானிக் சொல்லிக்கொடுத்த இருபது நிமிடத்தை, வண்டிகள் ஒவ்வொன்றாக மாறிய பிறகும், ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்காமல் புதியவற்றின் தலையிலும் கட்டியவர் அவரேதான்.

ஒன்றே ஒன்று ஆறுதல் தந்தது. அந்த ஒன்பதில் இன்னும் மாறாத பழைய வேன்கள் இரண்டு இருந்தன. அவற்றுக்குப் பெரியவர், சின்னவர் என்று பெயர். ஐந்தாம் நாள் பெரியவரை ஒரு நிமிடத்தில் கிளப்பிக்கொண்டு போனபோது, மூன்று முறை இருமிவிட்டு, தடுப்புக் கட்டைக்கு நேர் கீழே, பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக அது நின்றுபோயிற்று. காவலர் எழுதுகோலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இது போச்சா, போகலையா? என்னன்னு எழுத?"

"யோசிச்சிட்டிருக்குன்னு எழுதுங்க" என்றார் சாவியம்மா. சோக்கை இழுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே அது மனம் இரங்கியது. அன்றே கிளப்பிப் பார்த்த சின்னவரும் அதே ஐந்து நிமிடம் கேட்டது. ஆக, இருவருக்கு ஐந்து நிமிடம். ஏழு பேருக்கு ஒரு நிமிடம். யாருக்குமே இருபது இல்லை.

செய்தி செவிலியர் அறைக்கு எப்படியோ எட்டிவிட்டது. அங்கே குளிர்காரி என்று ஒருத்தி உண்டு. கையுறைக்குமேல் கையுறையும், அதற்குமேல் தம்பியின் காலுறையும் மாட்டிக்கொள்பவள். சூடான வண்டிக்காகவே சாவியம்மாவைத் தெய்வமாகக் கொண்டாடுபவள். நண்பகலில் அவள் கொட்டகைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சாவியம்மா, நோட்டு உங்ககிட்ட. தெர்மாமீட்டர் உங்ககிட்ட. அஞ்சு மணிக்கு மேடமா எந்திரிச்சு வந்து பாக்கப் போறாங்க? எட்டுங்கிறதுக்குப் பக்கத்துல ஒரு ரெண்டப் போட்டா இருபத்தெட்டு. யாருக்கு நஷ்டம்? நாங்க ஒன்பது பேரும் வாயத் திறக்க மாட்டோம்."

சாவியம்மா அவளைத் திட்டவில்லை. அவள் சொன்னதில் பாசம் இருந்தது. அதைவிட மோசமாக, நியாயம்போல் ஒன்றும் இருந்தது. எட்டின் முன்னால் ஓர் இரண்டு. பேனாவை ஒரு முறை வைத்து எடுக்கும் வேலை. சாவிகள் இடுப்பிலேயே தங்கிவிடும். இருட்டறையும் போர்வை மூட்டையும் வேறு யாருக்காவது போகும். "போய்ச் சாப்பிடு, போ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் நோட்டைக் கணவரிடம் நீட்டினார். அவர் பத்திகளை விரலால் தடவியபடி படித்தார்.

"இது நான் நெனச்சதச் சொல்லலைங்க" என்றார் சாவியம்மா.

"தெரிஞ்சுக்கணும்னுதானே தெர்மாமீட்டரக் கட்டின? நீ நெனச்சதையே திருப்பிச் சொல்றதுக்கு அது என்ன உன் புருஷனா?"

சாவியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; நான்கு நாள்களில் முதல் சிரிப்பு. கணவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூட அடுப்பில் கஞ்சி வெந்ததா என்று தாம் கரண்டியால் எடுத்துப் பார்ப்பதாகவும், வேகவில்லை என்றால் பிள்ளைகளிடம் வெந்தது என்று சொல்லிப் பயனில்லை என்றும் கூறிவிட்டு, விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் சாவியம்மா நாலரைக்கே வந்தார். ஆனால் மனம் வேறு தடத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. இருபது நிமிடம் இன்ஜின் ஓடியதில் உண்மையாகவே நடந்த நன்மை என்ன என்று தம்மையே கேட்டுக்கொண்டார். விடை கண்ணெதிரே உறைந்து கிடந்தது. உள்ளே சூடு ஏறும்போது கண்ணாடிப் பனி இளகும், சுரண்டுவது எளிதாகும். அந்த உதவி இல்லாவிட்டால், ஆறு மணிக்கு வரும் செவிலியர் ஆளுக்கொரு தகட்டை எடுத்து ஏழு நிமிடம் சுரண்ட வேண்டும். விறைத்த விரல்களோடு முதல் வீட்டுக்குப் போய் ஊசி போட வேண்டும். மேலாளரின் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்ஜினைப் பற்றி மேலாளர் சரி. கண்ணாடியைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை.

கண்ணாடிமேல் பனியே படியாமல் தடுத்துவிட்டால் என்ன? அன்று மாலை அவர் தாமாகவே துணிக் கிடங்குக்குப் போனார். தம்மை அனுப்பப் போகும் அந்த இருட்டறையிலிருந்து, கிழிந்து கழித்துவைத்த படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கினார். இரண்டாக மடித்து முன்கண்ணாடிமேல் விரித்து, இரு ஓரங்களையும் முன்கதவுகளுக்குள் செருகி மூடினார். முதல் நாள் மூன்று வண்டிகளுக்கு மட்டும். காலையில் விரிப்பை உதறி எடுத்தபோது, கண்ணாடி துடைத்து வைத்த தட்டுப்போல் பளிச்சென்று இருந்தது. அடுத்த இரண்டு நாள்கள் ஒன்பதுக்கும் போட்டார். நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்ந்தது: கண்ணாடி தெளிய ஆகும் நேரம். விரிப்பில்லாமல் ஏழு நிமிடம். விரிப்போடு அரை நிமிடம்.

கடைசிப் பத்தியை நிரப்பி முடித்தபோதுதான் தாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு முழுதாக உறைத்தது. நாலரை மணிக்கு ஆள் வருவதற்கு எஞ்சியிருந்த ஒரே காரணத்தையும் தம் கையாலேயே மடித்துச் செருகி மூடிவிட்டார்.

பதினோராம் நாள் மேலாளர், செவிலியர் அனைவரையும் கூட்ட அறைக்கு அழைத்திருந்தார். குளிர்காரி முன்வரிசையில் உட்கார்ந்து, சாவியம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். சாவியம்மா எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு நாளையும் விடவில்லை. பெரியவர் கட்டைக்குக் கீழே நின்றுபோனதையும் படித்தார். சிரிப்பு எழுந்து அடங்கியது. படித்து முடித்தபின் நோட்டை மூடினார்.

"ஏழு வண்டிக்கு ஒரு நிமிஷம் போதும். அப்புறம் மெதுவா ஓட்டணும், உறும விடக் கூடாது. பழைய வேன் ரெண்டுக்கும் அஞ்சு நிமிஷம். நான் இத்தனை வருஷம் இருபது விட்டது தப்பு. யாரும் எனக்குச் சொல்லல. நானும் யாரையும் கேக்கல. மேடம் சொன்னதுதான் சரி."

பெரிய நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தவற்றை ஒப்புக்கொள்பவர் தலை குனிவதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தார். தேர்வில் முதலிடம் பெற்றவர்போல் நின்று ஒப்புக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தார். பின்னாளில் இதைப் பலரிடமும் அவரே சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு.

மேலாளர் கைநீட்டி நோட்டை வாங்கினார். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். ஐந்தாம் பத்தி வந்ததும் விரல் நின்றது.

"இந்த விரிப்பு யோசனை யாரோடது?"

"என்னோடது."

"இது இல்லாம நான் சொன்னபடி செஞ்சிருந்தா, ஆறு மணிக்கு இவங்க எல்லாரும் கண்ணாடி சுரண்டிக்கிட்டு நின்னிருப்பாங்க."

"ஆமாங்க."

"எங்கிட்ட அதைச் சொல்லியே நாலரை மணி வேலையக் காப்பாத்தியிருக்கலாமே?"

"சுரண்டறதவிட மூடறது நல்ல வேலை, மேடம்."

மேலாளர் சிரிக்கவில்லை, ஆனால் நோட்டை மூடிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. தம் அறிவிப்பில் பாதி சரி, பாதி தவறு என்று எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். நாலரை மணிக்கு இனி வர வேண்டியதில்லை. ஐந்தரைக்கு வந்தால் போதும். விரிப்புகளை எடுக்கவும், பழைய வேன்களைக் கிளப்பவும், பேட்டரிகளைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். மாலையில் விரிப்புப் போடவும் அவரே வேண்டும். இப்படி அளக்கத் தெரிந்தவரைப் போர்வை மடிக்க அனுப்பத் தமக்கு மனமில்லை என்றும், சாவிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொல்லி, வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டார்.

சாவியம்மா கூச்சப்பட்டுப் பழகாதவர். "வேணும்" என்றார். "கொட்டகையில நிறுத்தி வெச்சுக் கேட்டா வண்டி பாதி உண்மையத்தான் சொல்லுது. வாரத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு வண்டியையும் நான் ரவுண்டானா வரைக்கும் ஓட்டிக் கேக்கணும். விதிய மாத்தி எழுதுங்க."

விதி அன்றே மாற்றி எழுதப்பட்டது. அந்த நோட்டின் நகல், நிலையத்தின் மற்ற நான்கு கிளைகளுக்கும் அனுப்பப்பட்டது. அங்கேயும் மாலை நேரங்களில் கண்ணாடிகளுக்குப் பழைய விரிப்புகள் போர்த்தப்பட்டன. குளிர்காரிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வண்டியில் ஏறும்போது காலடி ஐஸாக இருக்கிறது என்று முணுமுணுத்தாள். சாவியம்மா தம் நோட்டைப் பிரித்து எட்டு என்ற எண்ணைக் காட்டி, எட்டு நிமிடம் பொறுக்க முடியாதவள் எப்படிப் பிறர் பொறுமையோடு ஊசி குத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் எனக் கேட்டார். மறுநாள் அவளுடைய இருக்கையில், கிழிந்த விரிப்பை நான்காக மடித்துத் தைத்த சிறு மெத்தை ஒன்று கிடந்தது; யார் வைத்தார் என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

அடுத்த மாத முதல் தேதி. அறிவிப்பின்படி சாவிகள் பலகைக்குப் போயிருக்க வேண்டிய நாள். சாவியம்மா ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி எழுந்து, ஐந்தரைக்குக் கொட்டகையைத் திறந்தார். ஒன்பது விரிப்புகளையும் உதறி மடித்தார். பெரியவரின் சோக்கை இழுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஐந்து நிமிடம் ஓடவிட்டார். அன்று ரவுண்டானா வரை போகும் முறை பெரியவருடையது. வேனை மெல்ல வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது அது இருமவில்லை.

காவலர் இம்முறை கூண்டிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. யாரென்று கேட்கவும் இல்லை. பதிவேட்டில் சாவியம்மாவின் பெயர் முன்பே எழுதப்பட்டிருந்தது. நேரம் மட்டும்தான் பாக்கி. கட்டை உயர்ந்தது. வேன் முழுவதுமாக வாசலைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அவர் நேரத்தை எழுதினார்.